பெண் பார்க்கப் போன கப்பல்

கடல் எனக்குப் புதிதல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, கொழும்பில் ஒரு சரக்குக் கப்பலில் தொற்றிக்கொண்டு, பல வருடம் கப்பல் சமையலறைகளில் உருளைக்கிழங்கு உரித்தவன் நான். டென்மார்க்குக்கும் நோர்வேக்கும் நடுவில் ஓடும் பயணிகள் கப்பலில் உல்லாசமாகப் போகவேண்டும் என்று நான் ஆசைப்பட்டதே இல்லை. போனது சிவத்துக்காக. சிவத்துக்குப் பெண் பார்க்க.

தொண்ணூறுகளின் தொடக்கம். லண்டனில் கோலியர்ஸ் வுட்டில் ஒரே வீட்டில் ஆறு பேர் இருந்தோம். சிவம் என் அறைக்காரன். பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் செய்துவிட்டு அவன் வந்து படுக்க, நான் எழும்பி உணவகத்துக்குக் கோப்பை கழுவப் போவேன். ஒரே கட்டில் இருவருக்கும் போதுமாக இருந்தது. அவன் மூன்று தங்கைமாருக்கும் ஒவ்வொருவராகக் கலியாணம் செய்துவைத்து நிமிர்ந்தபோது முப்பத்தேழு வயதாகிவிட்டது. முன்மண்டையில் மயிர் கொட்டத் தொடங்கியிருந்தது. வீட்டில் இருந்த மற்றவர்கள் அவனை "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டுப் பகிடி பண்ணுவார்கள். அவன் சிரிப்பான். கோபிக்கத் தெரியாதவன்.

பெண் என் பக்கத்திலிருந்து வந்த சம்பந்தம். முன்பு என்னோடு ஒரே கப்பலில் வேலை செய்த தேவன், நோர்வேயில் இறங்கி அகதியாகப் பதிந்து, மேற்குக் கரையில் ஒரு சின்ன ஊரில் மீன் தொழிற்சாலையில் வேலையாக இருந்தான். அவனுடைய தங்கை வதனி. முப்பத்தொரு வயது. முதியோர் இல்லமொன்றில் சமையல் வேலை. சாதகம் பொருந்தியது. படம் போய்வந்தது. இனி நேரில் பார்ப்பதுதான் மிச்சம்.

அங்கேதான் சிக்கல். தேவன் தொலைபேசியில் ஒளிக்காமல் சொன்னான். அந்த ஊரில் விரல்விட்டு எண்ணக்கூடிய தமிழ்க் குடும்பங்கள்தான். முன்பு இரண்டு மாப்பிள்ளைகள் வந்து, சாப்பிட்டு, பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒன்றும் சரிவரவில்லை. மூன்றாவது ஆளும் வந்துபோனால் சனம் பெண்ணில்தான் ஏதோ பிழை என்று கதைக்கும்.

"வீட்டை வரவேண்டாம் ராசண்ணை. ஊரிலை எண்டால் கோயிலிலை வைச்சுக் காட்டியிருப்பம்" என்றான்.

அது உண்மைதான். எங்கள் பக்கத்தில் அப்படித்தான் செய்வார்கள். இரண்டு வீட்டாரும் சாமி கும்பிட வந்தவர்கள் போல வருவார்கள். வீதி சுற்றும்போது தற்செயலாகக் காண்பார்கள். பிடித்தால் மேலே பேசுவார்கள். பிடிக்காவிட்டால் சாமி கும்பிட்டதோடு சரி. யாருக்கும் குறைவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் அவர்கள் பக்கத்தில் கோயில் எங்கே இருந்தது?

சிவத்தின் மூத்த அக்கா மனோன்மணி டென்மார்க்கில் இருந்தார். சிவத்தின் வீட்டுக்குத் தலை அவர்தான். தகப்பன் போனபிறகு எல்லாம் அவர் சொல்வதுதான். அவரும் பெண் வீட்டுப் படி ஏற மறுத்தார். ஏறிவிட்டு வேண்டாம் என்று சொல்வது பாவம் என்றார். அதுவும் நியாயமாகவே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் மாட்டிறைச்சிக் கறி கொதித்துக்கொண்டிருக்கும்போது எனக்கு யோசனை வந்தது. கப்பல். நோர்வேக்காரர்கள் இறைச்சியும் பியரும் மலிவு என்று டென்மார்க்குக்குக் கப்பலேறிப் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு அன்றே திரும்புவார்கள். தேவன் குடும்பமும் அப்படிப் போகட்டும். கிறிஸ்தியான்சாண்டில் காலைக் கப்பலில் ஏறி, டென்மார்க் பக்கம் ஹிர்ட்ஷால்ஸில் இறங்கி, பின்னேரக் கப்பலில் திரும்பட்டும். அந்தப் பின்னேரக் கப்பலில் ஹிர்ட்ஷால்ஸில் நாங்களும் ஏறுவோம். நாலு மணித்தியாலம் நடுக்கடல். ஒரே சாப்பாட்டு மண்டபம். தமிழரைக் கண்டால் தமிழர் கதைப்பதில் யாருக்கு என்ன சந்தேகம்?

வீட்டில் இருந்தவர்கள் என்னைப் போட்டு வாட்டினார்கள். மாப்பிள்ளைக்கு வாந்தி வந்தால் பெண் வாளி பிடிப்பாளா என்று ஒருவன் கேட்டான். இன்னொருவன், பிடிக்காவிட்டால் கடலில் குதித்துத் தப்பவும் வசதி என்றான். சிவம் மட்டும் அட்லசை விரித்து, அந்தச் சின்ன நீலத் துண்டைக் கட்டைவிரலால் அளந்துகொண்டிருந்தான்.

திட்டத்தில் ஒரு சட்டம் இருந்தது. இரண்டு வீட்டாரும் நேரடியாகத் தொலைபேசியில் கதைக்கக்கூடாது. கதைத்தால் அது தற்செயல் ஆகாது. எல்லாம் என் வழியாகத்தான். மனோன்மணி அக்காவுக்கு நாளைச் சொன்னேன். அவர் பஞ்சாங்கத்தில் திதியும் நட்சத்திரமும் பார்த்து ஓம் என்றார். கப்பல் எத்தனை மணிக்கு என்று அவரும் கேட்கவில்லை. பின்னேரம் என்றேன். அதோடு விட்டுவிட்டோம்.

நானும் சிவமும் இங்கிலாந்துக் கரையில் ஹாரிச் துறைமுகத்தில் கப்பலேறினோம். கட்டில் எடுக்கவில்லை. சாய்கதிரையில் சரிந்தபடி, பாணும் வாழைப்பழமும் சாப்பிட்டுக்கொண்டு போனோம். வட கடல் கொஞ்சம் ஆடியது. சிவம் பச்சை நிறமாகிவிட்டான். பக்கத்துக் கதிரையில் இருந்த டென்மார்க் கிழவி அவனுக்கு இஞ்சி மிட்டாய் ஒன்று கொடுத்து, "உன் வயதில் என் புருஷனும் இப்படித்தான். அவன் மீன்பிடிகாரன் வேறு" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

டென்மார்க்கின் எஸ்பியர் துறைமுகத்தில் ஒரு சங்கடம். குடிவரவு அதிகாரி சிவத்தின் பயணப் பத்திரத்தைப் புரட்டிவிட்டு, என்ன நோக்கத்துக்கு வந்தாய் என்று கேட்டான். அக்காவைப் பார்க்க என்று சொல்லச் சொல்லி நான் வழிநெடுகப் படிப்பித்திருந்தேன். சிவம் பதறிப்போய், ஒரு பெண்ணைப் பார்க்க என்றான். எந்தப் பெண், பெயர் என்ன, எத்தனை நாள் பழக்கம் என்று அதிகாரி கேட்டான். இன்னும் கண்டதில்லை என்றான் சிவம். எங்களைப் பக்கத்து அறையில் இருத்தினார்கள். பிறகு மூத்த அதிகாரி ஒருவர் வந்தார். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கோயில், கப்பல், தற்செயல் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் மகளுக்கும் யாராவது இப்படிச் செய்தால் நல்லது" என்று சொல்லிவிட்டு முத்திரை குத்தினார்.

பிறகு றெயில். நிலையங்களின் பெயரை எழுதியபடி வாசித்தால் அங்கே ஒருவனுக்கும் விளங்காது. ஒரு சந்தியில் மாறி ஏறி, எங்கோ பன்றிப் பண்ணைகளுக்கு நடுவில் இறங்கி, அடுத்த வண்டிக்குக் காத்திருந்தோம். ஒரு வண்டிக்கடையில் சிவப்புச் சாயம் பூசியதுபோன்ற சொசேஜ் விற்றார்கள். நான் இரண்டு சாப்பிட்டேன். சிவம் தொடவில்லை. பெண் பார்த்து முடியும்வரை மச்சமாமிசம் தொடாதே என்று அக்கா சொல்லியிருந்தாராம்.

மனோன்மணி அக்கா வீட்டுக்குச் சனிக்கிழமை பின்னேரம் போய்ச் சேர்ந்தோம். அவருடைய புருஷன் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. மறுநாளும் அவருக்கு ஷிப்ட் இருந்தபடியால் எங்களோடு வர முடியாது. அக்கா அந்த நாட்டு ரை தானிய மாவில் அவித்த கறுத்தப் புட்டும், பால்மாவில் வைத்த சொதியும் தந்தார். நிறத்தைப் பார்த்துப் பயந்துவிட்டேன். வாயில் வைத்தபோது நன்றாகவே இருந்தது. அடுப்படியில் வடைக்கு உழுந்து அரைத்து வைத்திருந்தார். கப்பலில் நாங்கள் வடை சாப்பிட்டுக்கொண்டிருக்க, தற்செயலாகப் பெண் வீட்டாருக்கும் கொடுக்க வேண்டுமல்லவா? அந்தளவுக்கு யோசித்திருந்தார்.

சாப்பிட்டு முடிய நான் கப்பல் நேர அட்டையை மேசையில் வைத்தேன். அக்கா எடுத்துப் பார்த்தார். சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"தம்பி, பின்னேரக் கப்பல் அஞ்சு மணிக்கோ?"

"ஓம் அக்கா."

"ஞாயிற்றுக்கிழமை நாலரையிலை இருந்து ஆறு மட்டும் ராகுகாலம்."

நான் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். வீட்டை விட்டு முன்னமே வெளிக்கிட்டால் போதும்தானே என்றேன். கடல் தாண்டுகிற பயணத்துக்குக் கப்பல் வெளிக்கிடுகிற நேரம்தான் கணக்கு என்றார். அதோடு, ஏறினவுடன் அவர்களைக் காணத்தானே போகிறோம், பெண்ணின் முகத்தை முதன்முதல் ராகுகாலத்தில் பார்ப்பதா என்றும் கேட்டார். இந்த நாட்டில் சூரியன் பத்து மணிவரை நிற்கிறதே, ராகு எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும் என்றேன். யாழ்ப்பாண நேரப்படி பார்த்தால் அது மத்தியானமே முடிந்துவிடும் என்றும் கணக்குச் சொன்னேன்.

"நாங்கள் நிக்கிறது யாழ்ப்பாணத்திலையோ தம்பி?" என்றார்.

சிவத்தைப் பார்த்தேன். அவன் விரலில் ஒட்டிய புட்டைத் தட்டிக்கொண்டிருந்தான்.

அக்கா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவருடைய கலியாணம் ஊரில் பிரச்சினை நேரத்தில், நாள் நேரம் பார்க்காமல் அவசரத்தில் நடந்தது. இரண்டாம் மாதம் ஆமிக்காரர் புருஷனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். இரண்டு வருடம் முகாம் வாசலில் நின்றவர். "எனக்கு வந்தது இவனுக்கு வரக்கூடாது" என்று மட்டும் சொன்னார். நான் அட்டையை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

காலைக் கப்பலிலேயே நாங்கள் நோர்வேக்குப் போவது, அங்கே துறைமுகத்தில் தற்செயலாகக் காண்பது, மற்றதைப் பிறகு பார்ப்பது என்றார் அக்கா. அப்படியென்றால் அவர்களைக் காலையில் ஏறவேண்டாம் என்று சொல்ல வேண்டும். தேவன் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவனுடைய ஊர் துறைமுகத்திலிருந்து பஸ்ஸில் பாதிநாள் தூரம். முதல்நாளே புறப்பட்டுக் கிறிஸ்தியான்சாண்டில் தெரிந்தவர் வீட்டில் தங்கி, காலையில் ஏறுவதாகச் சொல்லியிருந்தான். அந்தத் தெரிந்தவரின் இலக்கம் என்னிடம் இல்லை.

நான் சொன்னேன், அக்கா, அவர்கள் திட்டப்படி காலையில் ஏறிவிடுவார்கள், நாங்கள் அங்கே போனால் அவர்கள் இங்கே இருப்பார்கள் என்று.

"அவையளும் சைவக்காரர்தானே. அவையளின்ரை வீட்டிலும் நாட்காட்டி இருக்கும். ராகுகாலத்திலை கப்பல் ஏறுவினமே? அவையளும் பார்த்து நிண்டிருப்பினம்."

இன்றைக்கு நினைத்தால் அது எப்படி எனக்கு நியாயமாகப் பட்டது என்று தெரியவில்லை. அன்று பட்டது. ஒரு சட்டத்தை இரண்டு வீட்டாரும் ஒரேமாதிரித்தான் படித்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

ஞாயிறு காலை நல்ல வெயில். கப்பல் வெள்ளையாக, ஒரு ஆசுபத்திரியை நீரில் மிதக்கவிட்டதுபோல இருந்தது. அக்கா மாம்பழ மஞ்சளில் பட்டுச் சேலை உடுத்து, மேலே பனிக்கோட்டுப் போட்டிருந்தார். கையில் வடைப் பெட்டி. சிவம் புது முழுக்கைச் சேட்டு. தலையை முன்னுக்கு இழுத்து வாரியிருந்தான். மேல்தட்டில் காற்று அடித்ததும் அந்த வேலை வீணாகிப்போனது.

ஒன்றிரண்டு மணித்தியாலம் போயிருக்கும். எதிரே ஒரு கப்பல் தெரிந்தது. எங்கள் கப்பலைப் போலவே வெள்ளை. சகோதரக் கப்பல். காலையில் அந்தப் பக்கத்திலிருந்து புறப்பட்டது. இரண்டும் ஒன்றுக்கொன்று ஊதின. பிள்ளைகள் கம்பியில் ஏறிக் கத்தினார்கள். பக்கத்தில் நின்ற நோர்வேக் கிழவர் தன் மனைவியிடம், "அதிலும் கோப்பி இதே கேடாகத்தான் இருக்கும்" என்றார். எனக்கு அந்தளவு நோர்வேமொழி தெரியாது. அருகில் நின்ற அக்கா டேனிஷ் தெரிந்தபடியால் விளங்கிச் சிரித்து எனக்குச் சொன்னார்.

கப்பல்காரனுக்கு எதிரே வரும் கப்பலைப் பார்ப்பது பழக்கம். அன்று மட்டும் கையை நெற்றிக்கு மேலே பிடித்து உற்றுப் பார்த்தேன். சிவம் என் காதருகே வந்து, "அண்ணை, அதிலை இருப்பினமோ?" என்று கேட்டான். இராது என்றேன். ஆட்களின் முகம் தெரியாத தூரம். கம்பியோரம் நிறங்கள் மட்டும் தெரிந்தன. பிறகு அது பின்னால் சின்னதாகிப் போய்விட்டது.

கிறிஸ்தியான்சாண்டில் இறங்கியபோது யாரும் இல்லை. கட்டடத்துக்குள் தேடினேன். வெளியே வாகனத் தரிப்பில் தேடினேன். கடைசியில் சீட்டுக் கொடுக்கும் பெண்ணிடம் போய், எங்கள் நிறத்தில் ஒரு குடும்பத்தைக் கண்டாயா என்று கேட்டேன். அவள் நல்ல ஆங்கிலம் பேசினாள்.

"ஓ, காலைக் கப்பலில் போனார்களே. ஒரு ஆண், இரண்டு பெண், ஒரு சின்னப் பிள்ளை. ஒருத்தி நீலப்பட்டு உடுத்திருந்தாள். வடிவாக இருக்கிறாய் என்று அவளிடம் சொன்னேன். வெட்கப்பட்டுச் சிரித்தாள்."

சிவம் பின்னால் நின்றான். அவனுக்கு மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை.

அந்தப் பெண் உதவவும் முன்வந்தாள். அங்கே ஹிர்ட்ஷால்ஸ் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து, ஒலிபெருக்கியில் அவர்களைக் கூப்பிட்டுக் கதைக்கலாம் என்றாள். நான் ஓம் என்று வாய் திறக்குமுன் அக்கா என் கையைப் பிடித்தார்.

"குமர்ப்பிள்ளையின்ரை வீட்டுப் பேரை ஒலிபெருக்கியிலை கூப்பிடுறதோ? பிறகு அது தற்செயலோ தம்பி?"

தற்செயல் என்ற சொல்லைக் கண்டுபிடித்துக் கொடுத்தவன் நான்தான். அதையே பிடித்துக்கொண்டு நின்றார். ஏதோ பிழை என்று தெரிந்தது. என்ன பிழை என்று அக்காவுக்கு அப்போதுதான் விளங்கியது. தேவன் வீட்டாருக்குக் காலைப் பயணம்தான் பயணம். காலையில் ராகுகாலம் இல்லை. பின்னேரக் கப்பல் அவர்களுக்கு வீட்டுக்குத் திரும்புவது. வீட்டுக்குத் திரும்புவதற்கு எந்த ஊரிலும் நேரம் பார்ப்பதில்லை. அவர்கள் பஞ்சாங்கத்தை நன்றாகவே பார்த்திருக்கிறார்கள். தங்கள் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார்கள்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் மீன் சந்தை. அவித்த இறாலைக் கடதாசிப் பையில் வாங்கி, நீர்க்கரையில் குந்தியிருந்து கோது உரித்துத் தின்கிறார்கள். கோதைக் கடலுக்குள்ளேயே போடுகிறார்கள். நானும் ஒரு பை வாங்கினேன். அக்காவும் சிவமும் கரையோரம் கிடந்த நீள மர வாங்கிலில் குந்தியிருந்தார்கள். நான் இறால் தின்றுகொண்டே கணக்கைச் சொன்னேன். அவர்கள் அங்கே எங்களைக் காணாமல் திட்டப்படி பின்னேரக் கப்பலில் ஏறுவார்கள். ஒன்பதுபோல இங்கே இறங்குவார்கள். இந்தக் கோடையில் அப்போதும் வெளிச்சம் இருக்கும். நாங்கள் இந்த வாங்கிலில் இருந்தால் போதும். வேறொன்றும் செய்யத் தேவையில்லை.

அக்கா தலையை ஆட்டினார். பெண் வீட்டாரின் துறைமுகத்தில் மாப்பிள்ளையைக் கொண்டுவந்து காவல் வைப்பதா என்றார். அதைக்கூடச் சமாளித்திருக்கலாம். பிறகு அவர் சொன்னதுதான் பெரிது. தடங்கல் பட்டுவிட்டது. நடுக்கடலில் கண்டும் காணாமல் போய்விட்டோம். இதைவிடக் கடவுள் எப்படிச் சொல்லுவார்? ஐந்து மணிக் கப்பலில் திரும்புவோம் என்றார்.

ஐந்து மணி ராகுகாலம் அல்லவா என்றேன். எனக்குக் கோபம் வந்திருந்தது.

"வீட்டை போறதுக்கு ராகுகாலம் இல்லை" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். கண்ணில் தண்ணீர் நின்றது. தம்பிக்கு ஒன்றும் அமையவில்லையே என்ற கவலை அவருக்கு என்னைவிட அதிகம். அதனால்தான் அவரோடு சண்டை பிடிக்க என்னால் முடியவில்லை.

ஏறும் நேரம் வந்தது. நான் சிவத்தைத் தனியே கூப்பிட்டேன்.

"சிவம், நீ நில். நான் அக்காவைக் கொண்டுபோய் வீட்டிலை விடுறன். தேவனை உனக்கு என்னட்டை இருக்கிற கப்பல் படத்திலை தெரியும். போய்க் கதை. அவ்வளவுதான்."

"அக்காவைத் தனிய விட ஏலாது அண்ணை."

"தனிய இல்லை. நான் போறன் எண்டுதானே சொல்லுறன்."

அவன் கப்பலைப் பார்த்தான். வாங்கிலைப் பார்த்தான். அக்கா ஏறும் பலகையின் அடியில் இரண்டு கையாலும் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவனைக் கூப்பிடவில்லை. வா என்றோ நில் என்றோ ஒரு சொல் சொல்லவில்லை. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சிவம் சேட்டின் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, "பிறகொருக்கால் பாப்பம்" என்றான். நடந்து போனான்.

நான் ஏறவில்லை. யாராவது ஒருவர் அந்தக் குடும்பத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். வடைப் பெட்டியை அக்கா என்னிடம் தந்துவிட்டுப் போயிருந்தார்.

நான் பசியோடும் குளிரோடும் பல துறைமுகங்களில் இருந்திருக்கிறேன். ஒருமுறை பத்திரம் இல்லாமல் அன்ட்வேர்ப்பில் வாரக்கணக்கில் மீன் பெட்டிகளுக்கு நடுவில் படுத்திருக்கிறேன். அதெல்லாம் நேரம் போய்விடும். அன்று வயிறு நிறைய இறால். பக்கத்தில் வடை. வானம் முழுக்க வெளிச்சம். நேரம் போகவில்லை. இரண்டு கப்பல்களும் இந்நேரம் மறுபடி ஒன்றையொன்று கடக்கும், ஊதும், பிள்ளைகள் கத்தும் என்று நினைத்தேன். சிவம் தட்டில் நிற்பானா, உள்ளே இருப்பானா என்று நினைத்தேன்.

கப்பல் வந்தது. தேவன் முதலில் இறங்கினான். இரண்டு கையிலும் இறைச்சிப் பொதிகள். சும்மா போனதாகத் தெரியக்கூடாதென்று வாங்கியிருக்கிறான். என்னைக் கண்டதும் பொதிகளை நிலத்தில் வைத்தான். ஏசினான். அங்கே பகல் முழுக்க ஒவ்வொரு கறுத்தத் தலையையும் பார்த்துப் பார்த்து இருந்ததைச் சொன்னான். நாங்கள் என்ன ஏமாந்த சனமா என்றான். நான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். ராகுகாலம் என்றதும் தேவனின் மனைவி, "அது நியாயம்தானே" என்று வாய்விட்டுச் சொன்னாள். தேவன் அவளை முறைத்தான். பிறகு அவனும் தணிந்துவிட்டான். இது சரிப்படுத்தக்கூடிய பிழை, இன்னொரு நாள் வைக்கலாம், அடுத்தமுறை வீட்டுக்கே வரட்டும் என்றான். சின்னப் பிள்ளை வடைப் பெட்டியைக் கண்டுபிடித்து ஒவ்வொன்றாகத் தின்னத் தொடங்கியிருந்தது.

வதனி கொஞ்சம் தள்ளி நின்றாள். படத்தில் தெரிந்ததைவிட உயரம். நீலச் சேலையின் ஓரம் ஈரத்தில் நனைந்திருந்தது. மேலே அண்ணனின் கோட்டு. அவள் தேவன் பேசி முடியும்வரை நின்றாள். முடிந்ததும் என்னிடம் நேராகக் கேட்டாள்.

"அவர் வந்தவரோ?"

"வந்தவர், பிள்ளை."

"இஞ்சை, இந்த இடத்திலை நிண்டவரோ?"

"ஓம். அஞ்சு மணி மட்டும் இதிலைதான் இருந்தவர்."

"நாங்கள் இந்தக் கப்பலிலை வருவம் எண்டு அவருக்குத் தெரியுமோ?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். கடலில் இருந்தவனுக்குப் பொய் சொல்லத் தெரியாதென்றில்லை. அவள் கேட்ட விதத்தில் சொல்ல வரவில்லை. தெரியும் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். பிள்ளையின் வாயைச் சேலைத் தலைப்பால் துடைத்து, தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள்.

நான் அடுத்த கப்பலில் தனியே திரும்பினேன். வழியில் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. சிவமும் தனியாகவே லண்டன் வந்து சேர்ந்திருந்தான். கோலியர்ஸ் வுட் வீட்டில் ஒருவரும் பகிடி விடவில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும். கட்டிலை மாற்றிக்கொள்ளும் நேரத்தில் அவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இலை உதிர்காலத்தில் அவனே வாய் திறந்தான். தான் தனியாக நோர்வேக்குப் போவதாகச் சொன்னான். நாள் பார்க்கவில்லை. அக்காவிடம் சொல்லவில்லை. நேரே அவர்கள் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டப்போவதாகச் சொன்னான். அவனை அப்படி நான் ஒருபோதும் கண்டதில்லை. சந்தோசமாக இருந்தது. அவன் பக்கத்தில் நிற்கவே நான் தேவன் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். தேவன் வேலைக்குப் போயிருந்தான். வதனிதான் எடுத்தாள். நான் விசயத்தைச் சொன்னேன். பின்னால் சட்டியில் ஏதோ வதங்கும் சத்தம் கேட்டது.

"வேண்டாம் அண்ணை. ராகுகாலத்துக்கு நான் கோவிக்கேல்லை. அவர் அண்டைக்கு அந்த வாங்கிலிலை இருந்திருக்கலாம்."

பிறகு என் சுகம் கேட்டாள். குளிர் தொடங்கிவிட்டதா என்று கேட்டாள். வைத்துவிட்டாள்.

சிவம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவன் ஓம் என்றான். அடுப்பில் இருந்த தேத்தண்ணியை இரண்டு கோப்பையில் ஊற்றினான். எனக்கு ஒன்றைத் தந்தான். தன்னுடையதைக் குடிக்காமலே வைத்துவிட்டு, பெற்றோல் நிலையத்து ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குப் போனான்.